மழை எப்போது வெள்ளமாகிறது? தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குச் செய்துகாட்டிச் சொல்லித்தருவது எப்படி

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் போதும், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட ரெட் அலர்ட் என்றால் லீவு என்பது தெரிந்துவிடும். ஆனால் அலர்ட் வந்த நாளில் சில சமயம் வெயில் அடிக்கும். அலர்ட்டே இல்லாத நாளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பக்கத்துத் தெரு காய்ந்து கிடக்க, நம் தெருவில் மட்டும் மூன்று நாளுக்கு வடியாது. ஏன் இப்படி என்று குழந்தை கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில், "மழை ஜாஸ்தி". அது பாதிப் பதில்தான்.

பள்ளிகளில் வெள்ளம் பற்றிய பாடம் பெரும்பாலும் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்ற பட்டியலோடு முடிந்துவிடும். பட்டியல் தேவைதான். ஆனால் தண்ணீர் ஏன் வருகிறது, எந்த வழியாக வருகிறது என்று புரியாமல் ஒப்பிக்கும் பட்டியல் பரீட்சையோடு மறந்துபோகும். கையால் செய்து கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. தொடக்க வகுப்புகளுக்காக 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் செயல்பாடுகளை நம்பித்தான் நடக்கிறது. வெள்ளத்தையும் அப்படியே சொல்லித்தரலாம். கீழே உள்ள செயல்களுக்குச் சென்னை, தூத்துக்குடி வெள்ளங்களை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரிச் செயல்கள் குழந்தைகளுக்குத் தப்பான பாடத்தையும் கற்றுக்கொடுத்துவிடக்கூடும். அது எங்கே என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

## அடிப்படை: எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக

ஓர் இடத்துக்குத் தண்ணீர் வந்து சேரும் வேகம், அங்கிருந்து அது வெளியேறும் வேகத்தைவிடக் கூடினால் மட்டம் ஏறும். வெள்ளம் என்பது இவ்வளவுதான். செய்திகளில் வரும் நீர்வரத்து, நீர் வெளியேற்றம் என்ற சொற்கள் இந்த இரண்டு வேகங்களையும்தான் குறிக்கின்றன.

இதைக் காட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று போதும். கழுத்தை வெட்டிவிட்டு, அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் பாட்டில் நிரம்பாது. அதே ஒரு லிட்டரைச் சடாரென்று ஊற்றினால் வழிந்துவிடும். அடுத்து ஓட்டையை இலையால் பாதி மூடிவிட்டு மெதுவாகவே ஊற்றச் சொல்லுங்கள். இப்போது மெதுவாக ஊற்றினாலும் மட்டம் ஏறும். மழை அளவு மாறவில்லை, வழி அடைத்ததால் வெள்ளம் வந்தது. மழைநீர் வடிகால், ஆக்கிரமிப்பு, தூர்வாருதல் என்று பெரியவர்கள் பேசுவதெல்லாம் இந்த ஓட்டையைப் பற்றித்தான்.

எல்லாவற்றையும் வெள்ளம் என்று சொன்னாலும் வகைகள் வேறு:

1. நீர்த்தேக்கம்: பெய்த மழை வடிய வழியில்லாமல் தெருவிலேயே நிற்பது.
2. ஆற்று வெள்ளம்: எங்கோ மேலே பெய்த மழை ஆற்றில் வந்து கரை புரள்வது. நம் ஊரில் தூறல்கூட இல்லாமல் இது வரலாம்.
3. ஏரி உடைப்பு: கரை அறுந்து, தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் வருவது.
4. கடல் நீர் ஏறுவது: புயலின்போது கடல் மட்டம் உயர்ந்து உள்ளே வருவது, அல்லது வெளியே போக வேண்டிய நீரைத் தடுப்பது.

இரண்டாவது வகையைக் குழந்தைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். "மழை விட்டுவிட்டது, இனி பயமில்லை" என்ற எண்ணம் ஆற்றோரத்தில் ஆபத்தானது.

## செயல் 1: மழையை அளப்பது

ஒரே அகலமாக நேராக நிற்கும் இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்து, மேல் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்ஜியம் என்று கோடு போட வேண்டும். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். சுவர், மரம் எதுவும் மறைக்காத திறந்த இடத்தில் வைக்க வேண்டும். வானிலை ஆய்வு மையத்துக்கு ஒரு மழைநாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. பள்ளியிலும் தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்தால், பத்திரிகையில் வரும் அளவோடு ஒப்பிடலாம். ஒத்துவராது. அதுவும் பாடம்தான்: ஒரே ஊரின் இரண்டு மூலைகளில் இரண்டு அளவு மழை பெய்யும்.

மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர்? இங்கேதான் பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் தரையில் சாக்பீஸால் சதுரம் போடச் சொல்லுங்கள். அந்தச் சதுரத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். இப்போது வானிலை அறிவிப்பின் சொற்களைக் குடத்தில் எண்ணலாம். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

- கனமழை: ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல். சதுரத்துக்கு நாலு குடத்துக்கு மேல்.
- மிகக் கனமழை: 115.6 மி.மீ. முதல். ஏறக்குறைய எட்டுக் குடம்.
- அதி கனமழை: 204.4 மி.மீ.க்கு மேல். பதிமூன்றரைக் குடத்துக்கும் அதிகம்.

2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறக்குறைய 49 செ.மீ. பெய்தது. அதாவது ஒவ்வொரு சதுரத்திலும் 32 குடத்துக்கு மேல். அந்தச் சதுரத்தில் 32 குடங்களை நிறுத்திவைக்கவே இடம் போதாது, குழந்தைகளே முயன்று பார்க்கட்டும். ஐந்தாம் வகுப்பாக இருந்தால் ஒரு கிரவுண்டு மனைக்குக் கணக்குப் போடச் சொல்லலாம்: 2,400 சதுர அடி என்பது சுமார் 223 சதுர மீட்டர். அதில் விழுந்தது ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர், 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்பது. ஒரே ஒரு மனையில்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது சுமார் 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையே அவ்வளவு கிடையாது.

அலர்ட் நிறங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு. எச்சரிக்கை ஒரு மாவட்டத்துக்கு மொத்தமாக வருகிறது. மாவட்டத்தின் ஒரு பக்கம் கொட்டித் தீர்த்தால், இன்னொரு பக்கம் வெயில் அடிப்பதில் ஆச்சரியம் இல்லை. "ரெட் அலர்ட் சொன்னார்கள், ஒன்றுமே பெய்யவில்லை" என்ற கிண்டலுக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை பதில் சொல்லும்.

## செயல் 2: மண் குடிக்கும், ஆனால் எத்தனை முறை?

மூன்று பாட்டில்களைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தை நீளவாக்கில் வெட்டி எடுங்கள். முதலாவதில் அருகம்புல்லை மண்ணோடு பெயர்த்து வையுங்கள். இரண்டாவதில் வெறும் மண். மூன்றாவதில் மண் மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கமாக விரியுங்கள், அதுதான் சிமென்ட் தரை. பின்பக்கம் ஒரு செங்கல் கொடுத்துச் சாய்த்து, வாய்க்கு நேரே ஒரு டம்ளர் வையுங்கள். மூடியில் சின்ன ஓட்டைகள் போட்ட பாட்டிலால் மூன்றிலும் ஒரே அளவு மழை பெய்யச் செய்யுங்கள். குழந்தைகள் குறிக்க வேண்டியவை: முதல் சொட்டு எப்போது விழுந்தது, டம்ளரில் எவ்வளவு சேர்ந்தது, என்ன நிறம்.

பிளாஸ்டிக் தாளில் ஊற்றிய கையோடு தண்ணீர் டம்ளருக்கு வந்துவிடும். வெறும் மண்ணில் கொஞ்ச நேரம் கழித்து, டிகாஷன் நிறத்தில் கலங்கலாக வரும். புல்லில் இன்னும் தாமதமாக, கொஞ்சமாக, ஓரளவு தெளிவாக வரும். கலங்கல் டம்ளரைத் தூக்கி ஊற்றிவிடாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். அடியில் ஒரு படலம் வண்டல் படிந்திருக்கும். இது வருஷா வருஷம் ஏரியில் படிந்தால் ஏரி கொள்ளும் தண்ணீர் குறையும். தூர்வார வேண்டும் என்பதற்கான காரணம் அந்த டம்ளரில் இருக்கிறது.

பெரும்பாலும் செயல்பாடு இங்கேயே நிறுத்தப்படும். "ஆகவே புல்லும் மரமும் இருந்தால் வெள்ளம் வராது" என்று கரும்பலகையில் எழுதி முடித்துவிடுவார்கள். அது சரியல்ல. நிறுத்தாமல், அதே பாட்டில்களில் இரண்டாவது, மூன்றாவது முறை மழை பெய்ய விடுங்கள். புல் உள்ள பாட்டிலிலும் இப்போது தண்ணீர் வேகமாக வெளியே வரும். மண்ணின் துளைகளெல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டன, இனி அது குடிக்காது.

2015-ல் சென்னைக்கு நடந்ததில் ஒரு பெரும் பகுதி இதுதான். நவம்பர் மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,000 மி.மீ.க்கு மேல் பெய்திருந்தது. ஏரிகள் நிரம்பி, மண் ஊறிக் கிடந்த நேரத்தில் டிசம்பர் 1-ம் தேதி மழை வந்தது. அதே மழை செப்டம்பரில் வந்திருந்தால் கதை வேறு. புல்லும் சதுப்பு நிலமும் வெள்ளத்தைக் குறைக்கும், தாமதப்படுத்தும். சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் (முக்கியமான ஈர நிலங்களுக்குத் தரும் சர்வதேச அங்கீகாரம்) கிடைத்தது, அதைக் காப்பாற்றுவது முக்கியம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லா மழையையும் அது விழுங்கிவிடும் என்று குழந்தைக்குச் சொல்லக் கூடாது.

## செயல் 3: ஏரிச் சங்கிலி

தமிழ்நாட்டின் ஏரிகள் தனித்தனியாக இல்லை. மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியாகக் கால்வாயில் இறங்கி, அடுத்த ஏரிக்குப் போகும். கலங்கல் என்பது கரைக்குச் சேதமில்லாமல் மிகுதி நீர் வழிந்துபோகக் கட்டப்பட்ட தாழ்வான கல் அமைப்பு. மதகு வேறு. அது பாசனத்துக்கு வேண்டும்போது திறப்பது.

ஐஸ்கிரீம் டப்பாக்கள் மூன்றை மாடிப்படியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு வெட்டினால் கலங்கல் ஆகிவிடும். மேலே ஊற்றினால் ஒவ்வொன்றாக நிரம்பி இறங்கும். அப்புறம், அகலமான தட்டில் ஈர மண்ணால் ஒரு கரை கட்டி, கலங்கலே இல்லாமல் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மட்டம் கரையின் உச்சியைத் தொட்டதும் எங்கோ ஓர் இடத்தில் நூல் போலக் கசியும். அந்த நூல் மண்ணை அரித்து விரல் அகலமாகும், கண் மூடித் திறப்பதற்குள் உள்ளங்கை அகலமாகும், பாதிக் கரை போய்விடும். மண் கரையின் மேல் தண்ணீர் வழிய விடவே கூடாது என்று இதைப் பார்த்த பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம். கலங்கலை அடைத்து மனை போட்டால் என்ன ஆகும் என்பதும் புரிந்திருக்கும்.

### ஷட்டர் ஆட்டம்

நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு இந்த ஆட்டம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னையின் குடிநீருக்கு முக்கியமான ஏரி. ஷட்டர் திறந்தால் தண்ணீர் அடையாற்றில் போகும்.

விதிகள்:

1. ஏரி 10 கப் கொள்ளும். தொடக்கத்தில் 7 கப் இருக்கிறது.
2. தாயக்கட்டை உருட்டினால் மழை. 1, 2 விழுந்தால் மழை இல்லை. 3, 4 விழுந்தால் 1 கப். 5 விழுந்தால் 2 கப். 6 விழுந்தால் 4 கப்.
3. ஒவ்வொரு சுற்றிலும் உருட்டுவதற்கு முன்பே, எவ்வளவு திறக்கப்போகிறோம் என்று குழு சொல்லிவிட வேண்டும்.
4. ஆறு ஒரு சுற்றுக்கு 2 கப்தான் தாங்கும். திறந்ததும் ஏரியிலிருந்து வழிந்ததும் சேர்ந்து 2 கப்பைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கப்புக்கும் ஒரு காகித வீடு போகும்.
5. ஆறு சுற்று முடிவில் ஏரியில் குறைந்தது 7 கப் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் குழாயில் தண்ணீர் வராது.

ஐந்தாவது விதியில்தான் ஆட்டமே இருக்கிறது. அது இல்லாவிட்டால் எல்லோரும் முதல் சுற்றிலேயே திறந்துவிடுவார்கள். 2015-ல் வெள்ளம் பார்த்த அதே சென்னை, 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்துக் கிடந்தது. ஏரியைக் காலியாக வைப்பதும் ஆபத்து, நிரப்பி வைப்பதும் ஆபத்து. இரண்டாவது ஆட்டத்தில் ஆசிரியர் தாயத்தை முன்கூட்டியே உருட்டி, அடுத்த மழையைக் குழுவிடம் சொல்லிவிடட்டும். போகும் வீடுகள் குறையும். வானிலை முன்னறிவிப்பு எதற்கு என்பது அப்போது புரியும். மூன்றாவது ஆட்டத்தில் இடையிடையே தப்பாகவும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் இந்த மூன்றாவது ஆட்டத்தை வைத்தால் தேவலை.

செய்தியில் வரும் கன அடி என்பதையும் இங்கே விளக்கலாம். வினாடிக்கு ஒரு கன அடி என்பது வினாடிக்கு 28 லிட்டரைவிடச் சற்று அதிகம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அதாவது வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். அந்த முடிவு எடுக்கப்பட்ட விதத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கடுமையாக விமர்சித்தது. அடையாற்றுக்கு அந்த ஓர் ஏரி மட்டும் தண்ணீர் தருவதில்லை என்பதும் உண்மை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியும் அதில்தான் சேர்கிறது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு கடைசியில் கடலில் சேர வேண்டும். தட்டின் கீழ்முனையில் தண்ணீரைத் தேக்கி, அந்த மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். மேலிருந்து வரும் ஓட்டம் மந்தமாகும். கடல் ஏற்றத்தின்போதும் புயலின்போதும் முகத்துவாரத்தில் இதுதான் நடக்கும். 2023 மிக்ஜாம் புயலில் சென்னை வடியத் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

## மாதிரிகள் சொல்லும் பொய்கள்

1. தட்டில் எல்லாமே சில வினாடிகளில் முடிந்துவிடும். உண்மையில் மேலே பெய்த மழை கீழே வரப் பல மணி நேரம் ஆகலாம். அந்த நேரம்தான் தப்பிக்கக் கிடைக்கும் அவகாசம் என்று வாயால் சொல்லியாக வேண்டும்.
2. தட்டுத் தண்ணீருக்கு இழுக்கும் சக்தி கிடையாது. விரலால் தடுத்துவிடலாம். நிஜத்தில் வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீர் பெரியவரையே சாய்க்கும், ஒரு அடி சிறிய காரை நகர்த்தும். "கார் இரும்பாச்சே" என்பார்கள். மூடிய எவர்சில்வர் டிபன் பாக்ஸை வாளியில் மிதக்கவிட்டுக் காட்டுங்கள்.
3. விளையாட்டு ஜாலியாக இருக்கும். தேங்கிய தண்ணீரில் விளையாடலாம் என்ற எண்ணத்தை அது வளர்த்துவிடக் கூடாது.

செய்துகாட்ட முடியாத ஆபத்துகளும் உண்டு: தண்ணீருக்கடியில் திறந்து கிடக்கும் மேன்ஹோல், அறுந்து விழுந்த மின்கம்பி, பாம்பு, எலிக்காய்ச்சல். இவற்றுக்குப் பட்டியல்தான் வழி. ஓடும் தண்ணீரில் இறங்காதே, மின்கம்பம் பக்கம் போகாதே, காய்ச்சி ஆறிய தண்ணீரை மட்டும் குடி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸுக்கு 108. எண்களை எழுதி ஒட்டுவதோடு விடாமல், போனைக் காதில் வைத்து ஊர், தெரு, பக்கத்து அடையாளம் சொல்லிப் பழக்கினால் நல்லது. பதற்றத்தில் முகவரி மறந்துபோவது பெரியவர்களுக்கே சகஜம்.

## வெள்ளத்தைப் பார்த்த குழந்தை

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த அனுபவம் உள்ள பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். காகித வீட்டுக்கு யார் பெயரையும் எழுத வேண்டாம். "உங்க வீட்டுல என்ன ஆச்சு, சொல்லு" என்று எழுப்பி நிற்கவைக்கவும் வேண்டாம். தானாகச் சொன்னால் கேளுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊற்றும் வேலையைவிட, ஷட்டரைத் திறக்கும் வேலையோ அடைப்பை எடுக்கும் வேலையோ கொடுப்பது நல்லது.

வயது விஷயம் சுருக்கமாக: ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஓட்டை பாட்டிலும் படிக்கட்டு ஏரியும் போதும். மழைமானியும் மண் பாட்டிலும் மூன்றாம் வகுப்பிலிருந்து.

## தெருவை வரைவது

கடைசிச் செயல் பள்ளிக்கு வெளியே, மழை இல்லாத நாளில், பெரியவர்களின் துணையோடு. பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களைக் குழந்தைகள் வரைய வேண்டும். தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு ரப்பர் பந்தை வைத்துப் பார்க்கலாம். வடிகால் வாய் எங்கே, எதில் குப்பை அடைத்திருக்கிறது, போன மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கடைக்காரரிடமும் பாட்டிகளிடமும் கேட்டு, அந்த உயரத்தைத் தங்கள் உடம்போடு ஒப்பிட்டுக் குறிக்கட்டும்: கணுக்கால், முழங்கால், இடுப்பு. மேடான கட்டடத்தையும், அங்கே போக அடைத்த வழிகளைத் தவிர்த்த பாதையையும் வேறு நிறத்தில் போடலாம்.

இந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதோடு விடக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் பெற்றோர் அதிகம் உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. செப்டம்பர் மாதக் கூட்டத்தில் வரைபடத்தை வைத்து, அடைத்த வடிகால் எது, மூடியில்லாத மேன்ஹோல் எது என்று இடம் குறிப்பிட்டுத் தீர்மானம் போட்டு, உள்ளாட்சி அலுவலகத்துக்கு அனுப்பலாம். அக்டோபரில் பருவமழை தொடங்குவதற்குள் அதே பிள்ளைகள் அதே வடிகாலை மறுபடி போய்ப் பார்த்து, சரிசெய்திருக்கிறார்களா இல்லையா என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும்.